வீட்டோரச் சின்ன ஆந்தைகள்: முதலில் காது, அப்புறம் கண்

ரங்கூனில் வீட்டை விட்டு அதிக தூரம் போகாமலே கண்ணிலோ காதிலோ படக்கூடிய சின்ன ஆந்தைகள் நான்கு வகை. அவற்றில் இரண்டுக்குத் தலை உருண்டையாக, மொழுமொழுவென்று இருக்கும். மற்ற இரண்டுக்குத் தலையின் இரு ஓரத்திலும் இறகுக் குடுமி நிற்கும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி. மீதி வேலை காதுக்குத்தான்.

ஆந்தை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் டார்ச்சைத் தூக்குவார்கள். வெளிச்சம் பட்டதும் பறவை பறந்துவிடும், அல்லது கண்ணை இடுக்கிக்கொண்டு மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டிவிடும். இரண்டிலும் நமக்கு ஒன்றும் கிடைக்காது. சத்தத்தை முதலில் பிடிப்பதுதான் சரியான வழி. அதற்கு வலுவான காரணமும் இருக்கிறது. மைனாவும் கிளியும் கேட்டுக் கேட்டுப் பாடக் கற்றுக்கொள்ளும் பறவைகள். ஊருக்கு ஊர், பறவைக்குப் பறவை அவற்றின் குரல் மாறும், சில மனிதர் மாதிரியே பேசக்கூடச் செய்யும். ஆந்தை அப்படியில்லை. அதன் கூவல் பிறவியிலேயே வருவது, தாய் தகப்பனைக் கேட்டுப் படிக்க வேண்டியதில்லை. அதனால் ஒரு வகை ஆந்தை பெகுவில் எப்படிக் கூவுகிறதோ, ஏறக்குறைய அப்படியேதான் மோல்மேனிலும் கூவும். இறகின் நிறம் ஒரே வகைக்குள்ளேயே சாம்பல், செம்பழுப்பு என்று மாறி நம்மை ஏமாற்றும். குரல் அவ்வளவு ஏமாற்றாது. பறவை அறிஞர்களே முன்பு ஒரே இனம் என்று நினைத்திருந்த சில ஆந்தைகளைக் குரல் வேறுபாட்டை முக்கியமான சான்றாகக் கொண்டுதான் தனித்தனி இனங்களாகப் பிரித்தார்கள்.

சத்தத்துக்குப் போகுமுன் ஒரு தடையைத் தாண்ட வேண்டும். அது நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

"தம்பி, ஒரு கல்லை எடுத்து விரட்டுப்பா. வாசலுக்கு நேரே உட்கார்ந்து அலறுது, ஆகாது" என்று சொல்லும் ஆயா நம் தெருக்களில் இன்னும் இருக்கிறார். அதே தெருவில் பக்கத்துக் கடை பர்மிய அம்மா, காகிதக்கூழில் செய்து தங்க வர்ணம் பூசிய ஆந்தை ஜோடியைக் கல்லாவுக்கு மேலே வைத்திருப்பார். ஷ்வேடகோன் பகோடாவின் படிக்கட்டுக் கடைகளில் இந்த ஜோடி எல்லா அளவிலும் கிடைக்கும். ஆண் ஒன்று, பெண் ஒன்று, வியாபாரத்துக்கு ராசி. வடநாட்டில் ஆந்தை லட்சுமியின் வாகனம் என்பதும் நமக்குத் தெரிந்ததுதான். ஒரே பறவை, ஒரே தெரு, ஒரு வீட்டுக்கு அபசகுனம், அடுத்த வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்றால் குற்றம் பறவையிடம் இல்லை. இத்தனைக்கும் சங்கப் பாடல் ஒன்றில் ஊர் வாசலில், தண்ணீர்த் துறைக்குப் பக்கத்துப் பழைய மரத்தில் குடியிருக்கும் கூகையிடம், நெய்ச்சோறும் சுட்ட எலியும் தருகிறோம், ராத்திரியில் அலறி எங்களைப் பயமுறுத்தாதே என்று தோழி கெஞ்சுகிறாள். ஆந்தை வீட்டோரமாக இருப்பதும், எலி அதற்குப் பிடிக்கும் என்பதும் நம் ஆட்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

நீங்கள் பார்க்கப்போகும் முதல் ஆந்தை அனேகமாகப் புள்ளி ஆந்தையாகத்தான் இருக்கும். ஆங்கிலத்தில் ஸ்பாட்டட் ஔலெட். நீளம் 20, 21 சென்டிமீட்டர். மைனாவைவிடக் கொஞ்சம் குட்டை, ஆனால் தலை பெரிது, கழுத்து இருப்பதே தெரியாது. முதுகும் தலையும் சாம்பல் கலந்த பழுப்பு, அதன்மேல் வெள்ளைப் புள்ளிகள். கண் மஞ்சள். கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம் இருப்பதால் எந்நேரமும் கோபமாக இருப்பதுபோல் ஒரு முகம். பிடரியில் வெளிறிய பட்டை ஒன்று ஓடும். வயிறு வெள்ளை, அதில் பழுப்புக் கோடுகள் துண்டு துண்டாக உடைந்து கிடக்கும்.

இதன் குரலை ஒரு தடவை கவனித்துக் கேட்டால் மறக்காது. இருட்டத் தொடங்கும்போது "சிர்ர்-சிர்ர்-சிர்ர்" என்று கரகரப்பாக ஆரம்பித்து, "சீவக்-சீவக்-சீவக்" என்று முடியும். ஒன்று தொடங்கினால் ஜோடி சேர்ந்துகொள்ளும், பக்கத்து மரத்து ஜோடியும் பதில் கொடுக்கும். பூனைச் சண்டை என்று நினைத்து ஜன்னலைச் சாத்திவிட்டுப் போகிறவர்கள் அதிகம். ஆயாவைக் கலங்கடிப்பதும் பெரும்பாலும் இதே குரல்தான்.

புள்ளி ஆந்தைக்கு அடர்ந்த காடு தேவையில்லை. தூங்குமூஞ்சி மரப் பொந்து, ஆலமரம், மாமரம், தென்னை, பழைய கட்டடச் சுவரில் விழுந்த ஓட்டை, கூரை இடுக்கு, எங்கே இடம் கிடைத்தாலும் குடியேறும். ரங்கூனில் அந்தக் காலத்துச் சிவப்புச் செங்கல் கட்டடங்களில் அரசஞ்செடி முளைத்து வெடிப்பு விட்ட இடங்களை நிமிர்ந்து பார்ப்பது நல்ல பழக்கம். பெகு பக்கத்து வயல்காட்டுக் கிராமங்களிலும், மாந்தலை, மெய்த்திலா பக்கத்துப் பனங்காட்டிலும் இது இன்னும் எளிதில் கிடைக்கும். பகானில் இடிந்த பகோடா மாடத்திலிருந்து வெளியே எட்டிப் பார்ப்பதும் இதேதான்.

பகலிலும் இதைப் பார்க்கலாம், அதுதான் புதிதாகத் தொடங்குபவருக்கு வசதி. வெயில் தாழ்ந்த நேரம், நாலரை மணி வாக்கில், பொந்து வாசலில் வந்து உட்காரும். நீங்கள் நிற்பதைக் கண்டதும் உடனே பறக்காது. முதலில் உற்றுப் பார்க்கும். அப்புறம் தலையை மேலும் கீழும் ஆட்டும், ஒரு பக்கமாகச் சாய்க்கும், உடம்பைத் தாழ்த்தி மறுபடி நிமிரும். குழந்தைகளுக்கு இது வேடிக்கை, ஆந்தைக்கோ கணக்கு. ஆந்தையின் கண் நம் கண்போல் உருண்டை இல்லை, குழாய் வடிவம். குழிக்குள் நிலையாக இருப்பதால் உருட்ட முடியாது. ஆகவே ஒரு பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்கத் தலையை இடம் மாற்றி இரண்டு மூன்று கோணத்தில் பார்க்கிறது. பக்கவாட்டில் பார்க்கவும் கழுத்தைத்தான் திருப்பியாக வேண்டும். நமக்குக் கழுத்தில் 7 எலும்பு, ஆந்தைக்கு 14. அதனால் ஒரு பக்கமாக 270 பாகை வரை திருப்பிவிடும். முழுச் சுற்றுச் சுற்றும் என்பது கட்டுக்கதை.

அடுத்தது வரி ஆந்தை. ஆங்கிலத்தில் ஏஷியன் பார்ட் ஔலெட். இதற்கும் உருண்டைத் தலை, மஞ்சள் கண். புள்ளி ஆந்தையைவிடச் சற்றுப் பெரிது, 22 முதல் 25 சென்டிமீட்டர். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஒரே கேள்வி போதும்: தலையில் புள்ளியா, வரியா? வரி ஆந்தையின் தலை, முதுகு, நெஞ்சு எல்லாம் மெல்லிய குறுக்கு வரிகள். பிடரியில் பட்டை கிடையாது. தொண்டையில் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கும். அடிவயிற்றுக்கு வரும்போது குறுக்கு வரி மாறி, மேலிருந்து கீழாக ஓடும் கோடுகளாகிவிடும். எதையாவது கண்டு உஷாரானால் வாலை இருபுறமும் ஆட்டும்.

குரலில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. வரி ஆந்தை "வொவொவொவொவொ" என்று இடைவிடாமல் பல நொடிகள் நடுக்கக் குரலில் இழுக்கும். மெல்லத் தொடங்கி வலுக்கும். விடிகாலையிலும் கேட்கும், நல்ல பகலிலும் கேட்கும். தோட்டமும் பெரிய மரங்களும் உள்ள இடத்தை இது விரும்பும். மோல்மேன் குன்றோரத்து வீடுகளில் இருப்பவர்கள் பகலில் ஆந்தை கூவுகிறது என்று சொன்னால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். பகலிலேயே வேட்டையாடவும் செய்யும். பூச்சி, ஓணான், சின்னக் குருவி எதையும் விடாது. குருவிகளுக்கும் இது தெரியும்.

அந்தக் குருவிகளே நமக்கு ஒற்றர்கள். பகலில் ஒரு மரத்தில் கொண்டைக்குருவி, தேன்சிட்டு, தையல்சிட்டு, கரிச்சான் எல்லாம் ஒன்றாகக் கூடி ஒரே இடத்தைப் பார்த்து விடாமல் திட்டிக்கொண்டிருந்தால் அங்கே பாம்போ பூனையோ இருக்கலாம், ஆந்தை இருக்கவும் நிறைய வாய்ப்பு உண்டு. ஓடிப்போய் மரத்தடியில் நிற்காதீர்கள். தள்ளி நின்று, குருவிகளின் அலகு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தக் கிளையை, தண்டோடு சேரும் இடத்திலிருந்து மெல்லப் பாருங்கள். காகம் கூடிக் கத்துவதை அவ்வளவாக நம்ப வேண்டாம். ரங்கூன் காகங்களுக்குக் கத்தக் காரணமே வேண்டாம்.

இனி குடுமி உள்ளவை. இவற்றை ஸ்காப்ஸ் ஆந்தைகள் என்பார்கள். குடுமிக்கும் கேட்பதற்கும் தொடர்பில்லை. உண்மையான காது முகத்தின் பக்கவாட்டில் இறகுக்குள் மறைந்திருக்கிறது. பகலில் மரத்தண்டை ஒட்டி நிமிர்ந்து உட்கார்ந்து, குடுமியைத் தூக்கி, கண்ணைக் கீற்றாக மூடிக்கொண்டால் ஒடிந்த கிளைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. பகலில் தேடிக் கண்டுபிடிப்பது அதிர்ஷ்டம் இருந்தால்தான். எனவே காதுதான் கதி.

இரண்டில் வீட்டுத் தோட்டத்துக்கு அதிகம் வருவது காலர்ட் ஸ்காப்ஸ். 23 முதல் 25 சென்டிமீட்டர். கண் கரும்பழுப்பு, சின்ன ஆந்தை, கண் மஞ்சளாக இல்லாமல் இருட்டாக இருக்கிறது என்றால் இதுதான். பிடரியில் மங்கிய சந்தன நிறப் பட்டை. குரல் மிக மென்மை: "பூவோ" என்று ஒரே ஒரு தடவை, இறங்குமுகமாக. பிறகு அமைதி. பத்து, இருபது நொடி கழித்து மறுபடி ஒரு "பூவோ". இந்த இடைவெளியால்தான் பலரும் இதைத் தவறவிடுகிறார்கள். அரை நிமிடம் காது கொடுத்துவிட்டு ஒன்றுமில்லை என்று நகர்ந்தால் ஒற்றைக் கூவலோடு போயிற்று, அது எதன் சத்தம் என்றே புரிந்திருக்காது. ஐந்து நிமிடம் நின்றால் சீராகத் திரும்பித் திரும்பி வருவது பிடிபடும். மின்சாரம் போன ராத்திரி இதற்கு நல்லது என்று சொல்லலாம்தான், ஆனால் அக்கம்பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கினால் எதுவும் கேட்காது. விடிவதற்கு முந்தைய நேரம் மேல்.

மற்றொன்று ஓரியன்டல் ஸ்காப்ஸ், நான்கிலும் சின்னது, 19 சென்டிமீட்டர் சுமார். மஞ்சள் கண். சாம்பல் நிறத்திலும் வரும், செங்கல் நிறத்திலும் வரும். நிறத்தை வைத்து இரண்டு இனம் என்று எண்ண வேண்டாம். பிடரிப் பட்டை இல்லை. குரல் தாளக்கட்டோடு இருக்கும்: "டொக், டொக்-ட-டொக்". அதே தாளம், அதே வேகம், நிறுத்தாமல். மரம் அடர்ந்த இடத்துப் பறவை என்பதால் நெருக்கமான தெருக்களைவிட லாகா பூங்கா மாதிரி இடத்தை ஒட்டிய வீடுகளுக்குத்தான் வாய்ப்பு அதிகம்.

இந்த நான்கோடு, அளவில் பெரியதாக இருந்தாலும் கணக்கில் நுழைந்து குழப்பும் ஒன்று உண்டு: பழுப்புப் பருந்தாந்தை, ஆங்கிலத்தில் பிரவுன் பூபுக். புறா அளவு, 30 சென்டிமீட்டர் இருக்கும். வட்ட முகம் கிடையாது, பார்வைக்குச் சின்னப் பருந்து மாதிரி. "ஊ-வுக், ஊ-வுக்" என்று இரண்டிரண்டாக, கேள்வி கேட்பதுபோல் ஏறி முடியும். வெள்ளை நிறத்தில், இதய வடிவ முகத்தோடு கோபுரத்திலோ கிடங்கிலோ பறந்தால் அது கூகை. சின்னதும் அல்ல, யாரும் அதை வேறொன்றாக நினைக்கவும் வாய்ப்பில்லை. மலைப்பக்கம் போனால் காலர்ட் ஔலெட் என்று இன்னொன்று இருக்கிறது, ஆசியாவின் மிகச் சின்ன ஆந்தை, பின்தலையில் பொய்க்கண் இரண்டு வரைந்தது போலிருக்கும். ரங்கூன் வாசலில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

இரவில் கேட்பதெல்லாம் ஆந்தையும் அல்ல. "சொங்க், சொங்க், சொங்க்" என்று மரக்கட்டையைத் தட்டுவது போன்ற சத்தம் தரையிலிருந்தோ தாழ்ந்த கிளையிலிருந்தோ வந்தால் அது பக்கிக் குருவி. சுவரிலிருந்து உரக்க "டௌ-தே, டௌ-தே" என்று வந்தால் அது பெரிய பல்லி. பர்மாவில் வளர்ந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வயல் பக்கம் நள்ளிரவில் பதறிக் கத்திக்கொண்டே பறப்பது ஆட்காட்டி. குயில்கூட வெயில் காலத்தில் மூன்று மணிக்கே தொடங்கிவிடும்.

எப்போது நிற்பது? சூரியன் மறைந்ததிலிருந்து முக்கால் மணி நேரம் போதும். ரங்கூனில் டிசம்பரில் ஐந்தரை தாண்டியதும் மறைந்துவிடும், ஜூனில் ஆறே முக்கால் நெருங்கும். மழை நின்று குளிர்காலம் தொடங்கினதிலிருந்து வெயில் கடுமையாகும் வரை, அதாவது நவம்பர் முதல் ஏப்ரல் வரை, கேட்பதற்கு நல்ல காலம்; ஜோடி சேர்வதும் பொந்து பிடிப்பதும் இந்த மாதங்களில்தான் அதிகம். மே மாதத்து முதல் மழைக்குப் பிறகு வேறு ஒரு வாய்ப்பு வரும். தெருவிளக்கைச் சுற்றி ஈசல் மொய்க்கும்போது, விளக்குக் கம்பத்திலோ மின்கம்பியிலோ புள்ளி ஆந்தை வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்னும். டார்ச்சே வேண்டாம், நகராட்சி வெளிச்சத்தில் கண்ணின் நிறம் வரை தெரியும்.

இடத்தைப் பொறுத்தவரை என் யோசனை, தெருவில் நிற்காதீர்கள். ராத்திரியில் பைனாகுலரும் கையுமாக நின்றால் ஆந்தை வருகிறதோ இல்லையோ, கேள்வி கேட்க ஆள் வரும். வீட்டு மொட்டை மாடி, பின்புற ஜன்னல், மரம் உள்ள கோயில் வளாகம் போதும். டார்ச் தேவைப்பட்டால் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றி, நேரே முகத்தில் அடிக்காமல் பக்கத்துக் கிளையில் விழும்படி காட்டுங்கள். ஆந்தைக் குரலை போனில் போட்டு வரவழைக்கும் வித்தையை மட்டும் செய்யாதீர்கள். தன் எல்லைக்குள் வேறொரு ஆந்தை புகுந்துவிட்டது என்று அது நம்பும். வேட்டையையும் குஞ்சையும் விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். குரல்களை முன்கூட்டியே வீட்டில் கேட்டுப் பழகலாம். ஸெனோ-காண்டோ என்ற இணையதளத்தில் உலகம் முழுக்கப் பதிவு செய்த பறவைக் குரல்கள் இலவசமாக இருக்கின்றன, நாடு வாரியாகத் தேடலாம். ஹெட்போனில் கேளுங்கள், ஜன்னல் திறந்திருக்கும்.

சத்தம் கேட்ட மரத்தைக் காலையில் போய்ப் பார்ப்பது இரவில் பார்ப்பதைவிடச் சில சமயம் அதிகம் சொல்லும். கிளைக்கு நேர் கீழே சுண்ணாம்பு தெளித்தது போன்ற வெள்ளை எச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பக்கத்தில் விரல் நுனி அளவில், சாம்பல் நிறத்தில் காய்ந்த உருண்டைகள் கிடக்கும். அது எச்சமல்ல. ஆந்தை இரையை முழுசாகவோ பெரிய துண்டாகவோ விழுங்கி, செரிக்காத எலும்பையும் முடியையும் வயிற்றில் திரட்டி வாய்வழியாகத் துப்பியது. ஒன்றை எடுத்து வெந்நீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, இரண்டு பல்குச்சியால் பிரியுங்கள். வண்டுகளின் மேலோடு பச்சையும் கருப்புமாகத் துண்டு துண்டாகப் பிரியும். வெட்டுக்கிளிக் கால், பல்லியின் மெல்லிய தாடை, கொத்து முடிக்குள் ஒரு எலிப்பல். எலியின் முன்பல் என்றால் வெளிப்பக்கம் ஆரஞ்சு நிறமாக இருக்கும், அதை வைத்தே கண்டுபிடிக்கலாம். கையை சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். பூச்சி ஓடே அதிகமாக இருந்தால் புள்ளி ஆந்தையாகவோ ஸ்காப்ஸாகவோ இருக்கலாம். எது என்று உருண்டையை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. குரலோடு சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேட்டதையும் பார்த்ததையும் அன்றன்றைக்கு எழுதிவையுங்கள். தேதி, நேரம், மரம், குரலை உங்கள் காதுக்குக் கேட்டபடி எழுத்தில், பார்த்திருந்தால் தலை, கண், பிடரி, வயிறு என்ற வரிசையில் என்ன தெரிந்ததோ அது. தெரியாததை வெறுமையாக விடுங்கள். "மஞ்சள் கண், மற்றது தெரியவில்லை" என்ற குறிப்பு, போட்டோ இல்லாமல் எழுதிய ஒரு உறுதியான பெயரைவிட மதிப்புள்ளது.

பிப்ரவரி, மார்ச்சில் இப்படிக் கவனித்துக்கொண்டிருக்கும்போது பொந்துக்குக் கீழே பஞ்சு உருண்டை மாதிரி ஒரு குஞ்சு தரையில் உட்கார்ந்திருக்கக் காணலாம். முட்டைகள் ஒரே நாளில் இடப்படுவதில்லை, அடைகாப்பது சீக்கிரமே தொடங்கிவிடுவதால் குஞ்சுகள் அண்ணன் தம்பி அளவில் இருக்கும். சில முழுதாகப் பறக்கத் தெரியும் முன்பே வெளியே வந்துவிடும். வீட்டுக்குத் தூக்கிப்போய்ப் பாலும் சோறும் ஊட்டுவதுதான் நாம் செய்யக்கூடிய மிக மோசமான உதவி. அடிபடாமல் இருந்தால், பூனையும் நாயும் எட்டாத கிளையிலோ, அதே மரத்தில் கட்டித் தொங்கவிட்ட கூடையிலோ துணியால் பிடித்து வைத்துவிட்டு விலகிப் போங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. குஞ்சு இருட்டியதும் கரகரவென்று இரை கேட்கும், பெரியவை அதைக் கேட்டுத் தேடி வரும். சிறகு தொங்கினாலோ ரத்தம் இருந்தாலோ மட்டும் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து, தண்ணீர் புகட்டாமல், கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.